உம் நின்ற இடம்

கைப்பேசியை எந்த உயரத்தில் நிறுத்துவது, வெளிச்சம் எந்தப் பக்கத்திலிருந்து விழ வேண்டும், ஒரு காணொளி எவ்வளவு நீளத்துக்கு மேல் போகக் கூடாது என்பதையெல்லாம் கல்லூரியில் ஒரு நாள் பயிற்சியாகவே சொல்லிக்கொடுத்தார்கள். எதிரில் ஆளே இல்லாத அறையில் எப்படிப் பேசுவது என்பதை மட்டும் யாரும் சொல்லவில்லை. அதற்கும் பயிற்சி வேண்டியிருக்கும் என்று அவர்களுக்குத் தோன்றியிருக்காது.

நான் நாளிதழில் செய்தி மேசையில் இருந்தவள். பிறர் எழுதி அனுப்பியதை வெட்டிச் சுருக்கித் தலைப்புப் போடுவது வேலை. நான் இருந்த பதிப்பை மூடியபோது ஐம்பதைத் தாண்டியிருந்தேன். தஞ்சாவூருக்குத் தெற்கே ஒரு கலைக் கல்லூரியில் தமிழ்த்துறைக்குக் கௌரவ விரிவுரையாளர் தேவை என்றார்கள். ‘செய்தி எழுதுதல்’ என்று ஒரு விருப்பப் பாடம். கல்லூரியிலிருந்து பேருந்தில் சிறிது தூரத்தில், வயலை ஒட்டிய தெருவில் ஒரு மாடிப்பகுதி வாடகைக்குக் கிடைத்தது. இந்த ஊரில் எனக்கு உறவு யாரும் இல்லை. வேறு ஊரிலும் சொல்லிக்கொள்ளும்படி இல்லை.

நாளிதழ் அலுவலகத்தில் பேச்சு ஒரு நிமிடம் ஓயாது. இங்கே நான் நாள் முழுவதும் பேசியதை எழுதினால் ஒரு பத்திக்கு மேல் வராது. பால் ஒரு பாக்கெட். காலேஜ் ஒண்ணு, சில்லறை இருக்கு. சாவிய இங்கயே வைக்கிறேன். மற்றபடி பேச்சு என்பது வகுப்பில் பேசியதுதான். அந்த நேரம் எனக்கு வேலை மட்டுமல்ல என்பதை நான் யாரிடமும் சொன்னதில்லை.

ஆற்றில் தண்ணீர் வந்து குறுவைக்கு உழவு நடந்துகொண்டிருந்த நாட்களில், துறைத்தலைவர் கூப்பிட்டு அனுப்பினார். மேசையில் ஒரு சுற்றறிக்கை இருந்தது. ஆங்கிலத்தில் ஃபிளிப்டு கிளாஸ்ரூம். அடியில் யாரோ அதைத் தலைகீழ் வகுப்பறை என்று தமிழாக்கியிருந்தார்கள்.

“இனிமே கிளாஸ்ல லெக்சர் கிடையாது மேடம். லெக்சர் வீடியோவுல. பசங்க வீட்டுலயே பாடத்தைக் கேட்டுட்டு வந்துருவாங்க. கிளாஸ்ல அவங்க பேசணும், நாம கேக்கணும்.”

“கேட்டுட்டு வருவாங்களா சார்?”

“வரணும்” என்று சிரித்தார். பிறகு சிரிப்பை நிறுத்திவிட்டுச் சொன்னார். “செமஸ்டர் கடைசியில கமிட்டி வந்து கிளாஸ்ல உக்காரும். பசங்க வாயைத் தொறக்கணும். தொறக்கலன்னா முதல்ல உங்க பேப்பரைத்தான் எடுப்பாங்க. எலெக்டிவ் பாருங்க. நீங்க வேற கெஸ்ட்டு. அப்புறம் என்னால ஒண்ணும் பண்ண முடியாது.”

அவர் மிரட்டவில்லை. உள்ளதைச் சொன்னார். பாடம் போனால் நானும் போக வேண்டும். போவதற்கு இடம் எதுவும் என் மனதில் வரவில்லை.

மாடி அறையில் ஜன்னலுக்கு எதிரே நாற்காலியைப் போட்டு, புத்தகங்களை அடுக்கி, அதன் மேல் கைப்பேசியைச் சாய்த்து வைத்தேன். முதல் காணொளியைப் போட்டுப் பார்த்தபோது ஒன்றைக் கவனித்தேன். ஒவ்வொரு விளக்கத்தின் முடிவிலும் “புரியுதா?” என்று கேட்டுவிட்டு நான் நிறுத்துகிறேன். பதில் வருவதற்காக முகத்தைச் சற்று முன்னால் நீட்டுகிறேன். பதில் வருவதில்லை. பிறகு ஏதோ வந்ததுபோல் தலையாட்டிவிட்டு அடுத்ததற்குப் போகிறேன். வேறு யாராவது இப்படிச் செய்வதைப் பார்த்திருந்தால் அவரைப் பற்றிக் கவலைப்பட்டிருப்பேன்.

வகுப்பு அதைவிட மோசமாக இருந்தது. என் மாணவர்கள் ஒரத்தநாடு, முத்துப்பேட்டைப் பக்கத்துக் கிராமங்களிலிருந்து வருபவர்கள். பலர் வீட்டில் கல்லூரிக்கு வந்த முதல் ஆள் அவர்கள்தான். பள்ளியில் பன்னிரண்டு வருடம் ‘வாயை மூடு’ என்று கேட்டு வளர்ந்தவர்களிடம் திடீரென்று பேசு என்றால் எங்கிருந்து பேசுவார்கள்?

“வீடியோ பாத்தீங்களா?”

“பாத்தோம் மேடம்.” எல்லோரும் சேர்ந்து.

“புரிஞ்சுதா?”

“புரிஞ்சுது மேடம்.”

“என்ன புரிஞ்சுது?”

கடைசி வரிசையில் ஒருவன் எழுந்தான். முத்துப்பேட்டையிலிருந்து வருபவன். யாராவது பேசித்தான் தீர வேண்டும் என்ற நிலை வந்தால் எழுந்திருப்பவன் அவன்தான்.

“வீடியோ நல்லா இருந்துச்சு மேடம்.”

“எது நல்லா இருந்துச்சு?”

கொஞ்சம் யோசித்தான். “சவுண்டு.”

முன்பெல்லாம் நான் நடத்தும்போது அவர்கள் பேசாவிட்டாலும் முகங்கள் பேசும். இப்போது நான் நடத்தவும் இல்லை, அவர்கள் பேசவும் இல்லை. ஒரு மணி நேரம் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டு இருந்தோம். வாரங்கள் இப்படியே போயின.

கீழ்வீட்டு அக்கா வந்து உட்கார்ந்தது அதன் பிறகுதான். வீட்டுக்காரர்கள் கொஞ்சம் நிலம் வைத்திருப்பவர்கள். அக்காவின் கணவர் காலையில் வயலுக்குப் போனால் சாப்பாட்டுக்குத்தான் வருவார். மகன் சிங்கப்பூரில் இருக்கிறான். மில்லில் அவித்து அரைக்கும் அரிசியில் ருசி இல்லை என்று சாப்பாட்டுக்குக் கொஞ்சம் நெல்லை அக்கா வீட்டிலேயே அவித்து, என் அறைக்கு வெளியே மொட்டைமாடியில் காயப்போடுவார். புறா வரும். அதனால் காவலுக்கு உட்கார வேண்டும். அன்று மின்சாரம் இல்லை. புழுக்கம் தாங்காமல் கதவைத் திறந்து வைத்துக்கொண்டு பதிவு செய்ய ஆரம்பித்திருந்தேன். அக்கா வாசலில் வந்து நின்றார்.

“போன்ல யார்கிட்ட டீச்சர், இவ்வளவு நேரமாப் பேசுறீங்க? தினமும் கேக்கணும்னு நெனப்பேன்.”

“யார்கிட்டயும் இல்லக்கா. பாடம் எடுக்கிறேன்.”

“பசங்க எங்க?”

“அவங்க அப்புறம் போன்ல கேப்பாங்க.”

“அப்ப இப்ப யாரு கேக்குறா?”

“யாரும் கேக்கலக்கா.”

அவர் என்னையும், புத்தக அடுக்கின் மேல் சாய்ந்திருந்த கைப்பேசியையும் பார்த்தார். பிறகு நிழல் விழும் பக்கமாக வாசலில் உட்கார்ந்து காலை நீட்டிக்கொண்டார். “நான் இங்கதான் இருக்கணும். நீங்க சொல்லுங்க.”

அன்றைய பாடம், செய்தியை எந்த வரிசையில் எழுதுவது என்பது. மீண்டும் முதலிலிருந்து தொடங்கினேன். ஒரு வாக்கியம் முடிந்ததும் வாசலிலிருந்து “உம்” என்று வந்தது. அடுத்ததற்கும் வந்தது. கதை கேட்பவர்கள் கொட்டும் அதே உம். அவர் முகம் மாடியில் கிடந்த நெல்லின் பக்கம்தான் இருந்தது. நான் என்னை அறியாமல் வேகத்தைக் குறைத்தேன். நடுவில் ஒரு முறை “அப்புறம்?” என்றார். ஒரு முறை புறாவைப் பார்த்து “ச்சூ” என்றார்.

முடித்துவிட்டுப் போட்டுப் பார்த்தால் எல்லாம் பதிவாகியிருந்தது. மறுபடி எடுத்திருக்கலாம். அதற்குள் அக்கா நெல்லை அள்ளிக்கொண்டு இறங்கிவிட்டார். காலி அறையில் அதே பாடத்தை இன்னொரு முறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. அப்படியே அனுப்பிவிட்டேன்.

அடுத்த வகுப்புக்குள் நுழையும்போதே ஏதோ சலசலப்பு. பெண்கள் பக்கம் சிரிப்பை அடக்கிக்கொண்டிருந்தார்கள். ஒரத்தநாட்டிலிருந்து வரும் ஒரு பெண், அதுவரை என்னிடம் வருகைப்பதிவுக்கு “எஸ் மேடம்” தவிர வேறெதுவும் சொல்லாதவள், எழுந்தாள்.

“மேடம், அந்த உம் யாரு?”

வகுப்பு வெடித்துச் சிரித்தது.

“எங்க வீட்டு ஓனர்.”

“நான் அடுப்படியில ஸ்பீக்கர்ல போட்டுட்டு வேலை பாப்பேன் மேடம். எங்கம்மாவும் கூடவே உம் போட ஆரம்பிச்சிட்டாங்க. ரெண்டு பேரும் போட்டி போட்டு உம் கொட்டுறாங்க.”

“உம் போட்டா இன்டர்னல் மார்க் உண்டா மேடம்?” இது கடைசி வரிசைக்காரன்.

“உனக்கு ச்சூதான்டா” என்று முன்னாலிருந்து ஒரு குரல்.

நான் சிரித்து முடித்து, பாடத்துக்கு வரலாம் என்று நினைத்தபோது அந்தப் பெண் உட்காரவில்லை. “மேடம், ஒரு இடத்துல அவங்க உம் சொல்லவே இல்ல. தலைகீழ்ப் பிரமிடுன்னு சொல்றீங்கல்ல, அதுலேருந்து அமைதியாயிட்டாங்க. எங்கம்மாவும் அங்கதான் நிறுத்துனாங்க. எனக்கும் அங்கதான் புரியல.”

“எனக்கும்தான் மேடம்” என்றான் கடைசி வரிசைக்காரன். “வகுப்பறை தலைகீழ்ங்கறாங்க, பிரமிடும் தலைகீழ்ங்கறாங்க. எதத்தான் நேரா வைக்கிறது?”

கைப்பேசியை மேசைமேல் வைத்து அந்த இடத்தைப் போட்டோம். உண்மைதான். ‘முக்கியமானதை மேலே வையுங்கள், முக்கியம் குறைந்ததைக் கீழே வையுங்கள்’ என்று நான் விளக்கிக்கொண்டே போகிறேன். வாசலில் சத்தம் இல்லை. அதன் பிறகு வந்த உம்மும் வேறு மாதிரி இருந்தது. “இது கேக்குற உம் இல்ல மேடம், எப்ப முடிப்பீங்கங்கற உம்” என்றாள் ஒருத்தி. இல்லை, அது தூக்க உம் என்று இன்னொருத்தி மறுத்தாள். எத்தனை வகை உம் இருக்கிறது என்று ஆளுக்கொன்றாகச் சொல்ல ஆரம்பித்தார்கள். ஒரத்தநாட்டுப் பெண் அதற்குள் இன்னொன்று கேட்டாள். “முக்கியம் முக்கியம்னு சொல்றீங்களே, யாருக்கு முக்கியம்? அத நீங்க சொல்லவே இல்லையே மேடம்.”

செய்தி மேசையில் இருந்த காலமெல்லாம் என்னிடம் யாரும் கேட்காத கேள்வி அது. மணி அடித்த பிறகும் அதைப் பற்றியே பேசிக்கொண்டிருந்தார்கள்.

அதிலிருந்து ஒரு வழக்கம் வந்தது. நான் திட்டமிட்டது அல்ல. இரண்டிரண்டு பேராக உட்கார்வார்கள். ஒருவர் தன் ஊரில் நடந்த ஒன்றைச் செய்தியாகச் சொல்வார். மற்றவர் உம் கொட்ட வேண்டும். கேட்கத் தோன்றினால் மட்டும் கொட்ட வேண்டும், மரியாதைக்குக் கொட்டக் கூடாது. உம் நின்ற இடத்தில் சொல்பவர் நிறுத்தி, வரிசையை மாற்றித் திரும்பச் சொல்ல வேண்டும். உம் அறாமல் முடிந்தால் அதை எழுதலாம்.

குறுவை அறுத்து சாலையெல்லாம் நெல் காய்ந்துகொண்டிருந்த நேரம். கடைசி வரிசைக்காரன் ஒரு விபத்தைச் சொன்னான். “எங்க ஊர் ரோட்ல நெல்லு காயப்போட்டிருந்தாங்க. அந்த நெல்லு எங்க பெரியப்பா வீட்டு நெல்லு. அவங்க வழக்கமா நெல்லு கொள்முதல் பண்ற டிபிசி வாசல்லதான் காயப்போடுவாங்க. அங்க இந்த தடவ இடம் இல்ல. அதனால…”

எதிரே இருந்த ஒரத்தநாட்டுப் பெண் முதல் வாக்கியத்தோடு உம்மை நிறுத்திவிட்டாள். அவன் நெல்லின் ரகத்தைச் சொன்னான். பெரியப்பா வண்டிக்குச் சொல்லியும் வராததைச் சொன்னான். அப்புறம்தான் பைக்கில் வந்த ஒருவர் நெல்லில் சறுக்கி விழுந்தார்.

“டேய், ஆள் இருக்காரா போயிட்டாரா? அத மொதல்ல சொல்லுடா!”

“இருக்காரு, இருக்காரு. கால்ல கட்டு.”

“அதச் சொல்ல ஒங்க பெரியப்பா வரலாறு பூராம் கேக்கணுமா நான்?”

தலைகீழ்ப் பிரமிடை நான் அதற்கு மேல் விளக்க வேண்டியிருக்கவில்லை.

சந்தோஷத்தில் அக்காவிடம் சொன்னேன். சொல்லாமல் இருந்திருக்கலாம். “உங்க உம்மைக் கேட்டுத்தான்க்கா பசங்க பேசவே ஆரம்பிச்சாங்க.”

அவர் கையிலிருந்த முறத்தைக் கீழே வைத்தார். “என் குரலா? அதுல வருதா? என்ன டீச்சர், முன்னாடியே சொல்லக் கூடாதா? காலேஜ் பசங்க சிரிச்சிருப்பாங்களே.”

“நல்லவிதமாத்தான் சிரிச்சாங்க.”

“அது சரி” என்றார்.

அடுத்த முறை நெல் காயப்போட்டபோதும் வாசலில் வந்து உட்கார்ந்தார். “நீங்க பேசுங்க, நான் சத்தம் காட்ட மாட்டேன்” என்று முந்தானையால் வாயை மூடிக்கொண்டார். நான் பேசினேன். என் கண் அவர் பக்கம் போனபோதெல்லாம் அவர் கண்ணால் ‘சொல்லுங்க’ என்றார். பாவம், தும்மலைக்கூட அடக்கினார். அதற்கடுத்த வாரம் நெல்லைக் கொட்டிப் பரப்பிவிட்டு, மாடியின் மறு கோடியில், தண்ணீர்த் தொட்டிக்கு அந்தப் பக்கம் போய் உட்கார்ந்துகொண்டார். என் பிந்தைய காணொளிகளில் என் குரல் மட்டும்தான் இருக்கிறது.

வகுப்புக்கு அது தேவைப்படவும் இல்லை. அவர்களே சொன்னார்கள், அவர்களே கேட்டார்கள், சண்டை போட்டார்கள். மேசைக்கும் பெஞ்சுகளுக்கும் நடுவில் நான் நடந்துகொண்டிருந்தேன். என்னைப் பார்த்துச் சொல்லப்பட்ட வாக்கியங்கள் குறைந்துகொண்டே வந்தன. வேலை நடக்கிறது என்பதற்கு அதுதான் அடையாளம் என்று சுற்றறிக்கையிலேயே இருந்தது. மாலையில் அறைக்குத் திரும்பும்போது, முன்னைவிட நல்ல வகுப்பு என்றும், முன்னைவிடக் குறைவாகப் பேசியிருக்கிறேன் என்றும் தோன்றும்.

ஐப்பசி மழையில் குழு வந்தது. மூன்று பேர். குடைகளை வராந்தாவில் விரித்து வைத்துவிட்டு உள்ளே வந்து கடைசி பெஞ்சில் உட்கார்ந்தார்கள். மாணவர்கள் பயப்படுவார்கள் என்று நான்தான் பயந்துகொண்டிருந்தேன். வாய்க்கால் உடைந்து சம்பா நாற்றங்கால் மூழ்கிய செய்தியை ஒருவன் சொல்ல, எதிரில் இருந்தவன் உம்மை நிறுத்த, பக்கத்து ஜோடிகள் இரண்டும் அதில் தலையிட, மழைச் சத்தத்தை மீறி வகுப்பு இரைந்தது. குழுவில் ஒருவர் தன்னையறியாமல் உம் கொட்டியதை நான் பார்த்தேன்.

“இந்த முறைக்குப் பேர் என்னம்மா?” என்று ஒரத்தநாட்டுப் பெண்ணைக் கேட்டார் மூத்தவர்.

“உம் சார்.”

“உம்மா?”

“ஆமா சார். வெறும் உம்.”

“ரிப்போர்ட்ல போட ஒரு பேர் வேணுமே” என்று துறைத்தலைவரைத் திரும்பிப் பார்த்தார். துறைத்தலைவர் யோசிக்காமல் “ஸ்ட்ரக்சர்டு லிசனிங் சார்” என்றார்.

மூத்தவர் எழுதிக்கொண்டார். பிறகு கேட்டார். “சரி, இதுல மேடம் என்ன பண்ணுவாங்க?”

அந்தப் பெண்ணுக்கு என் மேல் பிரியம் உண்டு. என்னைப் பெருமைப்படுத்த வேண்டும் என்று அவள் விரும்பியது முகத்திலேயே தெரிந்தது. “மேடம் ஒண்ணுமே பண்ண மாட்டாங்க சார்” என்றாள் சத்தமாக. “எல்லாம் நாங்களே பாத்துக்குவோம். அந்த அளவுக்கு விட்டுட்டாங்க.”

வகுப்பு ஆமோதித்தது. மூத்தவர் தலையாட்டி அதையும் எழுதிக்கொண்டார்.

தேர்வுகள் முடிந்த பிறகு துறைத்தலைவர் அழைத்தார். முகம் மலர்ச்சியாக இருந்தது. “மேடம், உங்க பேப்பர் தப்பிச்சது மட்டுமில்ல, எல்லா டிபார்ட்மென்ட்டுக்கும் பொதுப் பேப்பர் ஆக்கிட்டாங்க. உங்களுக்கும் வேலைக்குப் பிரச்சினை இல்ல.”

“ரொம்ப நன்றி சார்.”

“கிளாஸ அந்தந்த டிபார்ட்மென்ட் ஸ்டாஃப் பாத்துப்பாங்க. பசங்களே பேசிக்கிறதுக்கு யாரு நின்னா என்ன? வீடியோ மட்டும் நீங்க பண்ணிக் குடுங்க. உங்க தமிழ் தெளிவா இருக்குன்னு கமிட்டி சொல்லுது. புது ஸ்டுடியோ, ஏசி, வெளிச் சத்தம் துளி வராது. அந்தப் பிரமிடு வீடியோவையும் திரும்ப எடுத்துடுங்க. பின்னாடி யாரோ என்னமோ சத்தம் குடுக்குறாங்க.”

“எனக்கு ஒரு கிளாஸாவது சார்… வாரத்துக்கு ஒரு மணி நேரம் போதும்.”

அவர் உண்மையிலேயே கால அட்டவணையை எடுத்துப் பார்த்தார். விரலை ஒவ்வொரு கட்டமாக நகர்த்தினார். “இடம் இல்லையே மேடம்” என்றார். அவருக்கு வருத்தமாகத்தான் இருந்தது.

“சரிங்க சார்” என்றேன்.

ஸ்டுடியோ சுவர்களில் கறுப்புப் பஞ்சு ஒட்டியிருக்கிறார்கள். பேசியது வாயை விட்டு வெளியே வந்ததும் அங்கேயே நின்றுவிடுவதுபோல் இருக்கும். பிரமிடுப் பாடத்தை மாற்றி எடுத்தேன். பிரமிடு என்ற சொல்லையே நீக்கிவிட்டு, சாலையில் காய்ந்த நெல்லையும் சறுக்கி விழுந்தவரையும் வைத்துச் சொன்னேன். பழையதைவிட எல்லா வகையிலும் நல்ல பாடம். ஒரே தடவையில் முடிந்தது.

அடுத்த ஆண்டு, கல்லூரி திறந்து சில வாரங்கள் இருக்கும். ஸ்டுடியோவுக்குப் போகும் வழியில், மாடி வராந்தாவில் ஒரு வகுப்பிலிருந்து இரைச்சல் கேட்டது. வேறு துறை, வேறு மாணவர்கள். யாரோ எதையோ சொல்ல, “அதுக்கு மேல எனக்கு உம் வரலடா” என்று ஒருவன் கத்த, எல்லோரும் சிரித்தார்கள். நின்று கேட்டேன். பிறகு வாசல்வரை போனேன்.

சிரிப்பு நின்றது. பெஞ்சுகள் தரையில் தேய எல்லோரும் எழுந்து நின்றார்கள். “குட் மார்னிங் மேடம்.” வகுப்பை நடத்தும் இளம் விரிவுரையாளர் மேசையிலிருந்து இறங்கி ஓடிவந்தார்.

“வாங்க மேடம், வாங்க. உங்க வீடியோவப் பத்தித்தான் பேசிட்டிருக்கோம்.”

“நீங்க நடத்துங்க. நான் சும்மா வந்தேன். உக்காருங்கப்பா எல்லாரும்.”

உட்கார்ந்தார்கள். பாதியில் விட்ட கதையை யாராவது தொடங்குவார்கள் என்று பார்த்தேன். எல்லோரும் என்னைப் பார்த்தபடி கையைக் கட்டிக்கொண்டு இருந்தார்கள். ஒருவன் பேனாவைத் திறந்து தயாராக வைத்துக்கொண்டான்.

“பசங்களுக்கு ஏதாவது சொல்றீங்களா மேடம்?” என்று இளம் விரிவுரையாளர் மரியாதையாகக் கேட்டார்.

“இல்லைங்க. வீடியோவுலயே சொல்லிட்டேன்” என்றேன்.

அதற்கும் ஒரு சிரிப்பு வந்தது, விருந்தாளி சொன்னதற்குச் சிரிக்கும் சிரிப்பு. நான் வெளியே வந்தேன். இரண்டு தூண் தாண்டுவதற்குள் பின்னால் ஒரு குரல், “வீடியோவுல உயரமாத் தெரிஞ்சாங்களேடா” என்றது. “உக்காந்து எடுத்தா எல்லாரும் உயரம்தான்டா” என்றது இன்னொன்று. இரைச்சல் மறுபடி எழுந்தது. படிக்கட்டுக்கு அருகே நின்றேன். விட்ட இடத்திலிருந்து யாரோ கதையைத் தொடங்கினார்கள். அவர்கள் ஊரில் ஏதோ ஒரு பாலத்தைப் பற்றியது என்பதுவரை கேட்டது. அதற்குப் பிறகு குரலைத் தாழ்த்திக்கொண்டார்கள்.